ஒரே ஊர், இரண்டு ஆலயங்கள்

அப்போஸ்தலனாகிய பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் சீரகூசா பட்டணத்தில் மூன்று நாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசித்திருக்கிறோம். அந்தச் சீரகூசா, இத்தாலி தேசத்தைச் சேர்ந்த சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே, சுண்ணாம்புப் பாறையாலான இப்ளேய் மலைகளுக்குள் சென்றால் ராகுசா என்னும் மலையூரை அடையலாம். தூரத்திலிருந்து நோக்குகிறவர்களுக்கு அது இரண்டு ஊர்களாகவே தோன்றும். பள்ளத்தாக்குகள் சூழ்ந்த ஒரு குன்றின் முதுகில், வீட்டின்மேல் வீடாக நெருங்கி நிற்கும் பழைய ஊருக்கு இப்ளா என்று பெயர். அதற்கு மேற்கே, உயர்ந்த சமவெளியில், நூல் பிடித்தாற்போன்ற நேர் வீதிகளோடு பரந்திருப்பது மேல் ராகுசா. இவ்விரண்டுக்கும் இடையே மலைச்சரிவில் நீண்ட படிக்கட்டுகள் ஏறிச் செல்கின்றன.

ஒரே ஊர் ஏன் இரண்டானது? பூமியதிர்ச்சியினால் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவிடும். அது பாதி உண்மையே.

1693 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவில், தென்கிழக்குச் சிசிலி முதன்முறை குலுங்கியது. வீடுகள் பல விழுந்தன. ஆயினும், வர வேண்டியது வந்து முடிந்தது என்றே அநேகர் எண்ணினர். இரண்டு நாள் கழித்து, 11 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் வந்த அதிர்ச்சிக்கு முன் முதலாவது ஒன்றுமில்லை என்றாயிற்று. ஆப்பிரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய நிலத்தட்டும் ஒன்றையொன்று நெருக்கும் பகுதி அது. அந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 7.4 இருக்கக்கூடும் என்பது இக்கால அறிஞரின் கணிப்பு. கத்தானியா நகரில் பேராலயத்தில் ஜெபிக்கக் கூடியிருந்த அநேகர் அந்தக் கட்டடத்தின் இடிபாடுகளிலேயே புதையுண்டனர். கடல் கரையேறித் துறைமுக ஊர்களைத் தாக்கியது. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர் என்பர். சின்னஞ்சிறு ராகுசாவில் மட்டும் சுமார் 5,000 உயிர்கள் போயின. அது ஊரில் பாதி என்று சொல்லலாம். உயிர் தப்பிய வீட்டாரில் துக்கமில்லாத வீடு எதுவும் இருந்திராது.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். ராகுசா மக்கள் பூமியதிர்ச்சிக்கு நெடுங்காலம் முன்னரே மனதால் இரண்டாகப் பிரிந்திருந்தனர். ஊரின் கிழக்குக் கோடியில் புனித ஜார்ஜ் ஆலயம் இருந்தது. மேற்கே கோட்டையின் அருகில் யோவான் ஸ்நானகன் பெயரால் அமைந்த ஆலயம் இருந்தது. இரண்டும் கத்தோலிக்கப் பங்குகள். எது தாய் ஆலயம், பவனியில் எவர் முந்தி நடப்பது, எவருக்கு முதன்மை என்பதே வழக்கு. வேத உபதேசத்தில் இரு சாராருக்கும் ஓர் எழுத்தளவும் வேறுபாடு இருந்ததில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த வழக்குக்கு அடியில் நிலமும் பணமும் இருந்தன. ராகுசா, மோதிக்கா என்னும் பெரிய ஜமீனைச் சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டு முதல் அந்த ஜமீனின் பிரபுக்கள் தங்கள் நிலங்களைத் துண்டு துண்டாக நிரந்தரக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்த உழவர் சிலர், காலப்போக்கில், தங்கள் பிரபுக்களுக்கு நிகரான செல்வந்தராயினர். பழங்குடிப் பிரபுக்கள் ஜார்ஜ் ஆலயத்தையும், புதிதாகத் தலையெடுத்த உழவர் குடும்பங்கள் யோவான் ஆலயத்தையும் சார்ந்து நின்றனர்.

இப்படிப்பட்ட ஊர் தரைமட்டமானபோது, எங்கே கட்டுவது என்ற கேள்வி எழுந்தது. சிசிலி அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அழிந்த ஊர்களைச் சீர்ப்படுத்தும் முழு அதிகாரத்தோடு கமாஸ்த்ரா பிரபுவாகிய ஜுசெப்பே லான்சா அனுப்பப்பட்டார். கத்தானியாவில் அவர் அகன்ற வீதிகளையும் பெரிய சதுக்கங்களையும் வகுத்தார். மறுபடி பூமி அதிர்ந்தால் ஜனங்கள் வெளியே ஓடி நிற்க இடம் வேண்டுமல்லவா! ராகுசாவிலோ ஊரார் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டனர் என்று சொல்ல வேண்டும். யோவான் பங்கினர் மேற்கேயுள்ள பாத்ரோ என்ற சமவெளிக்கு ஏறி, 1694 ஆம் ஆண்டே அங்கே தங்கள் ஆலயத்தைத் தொடங்கினர். சுற்றிலும் கட்டம் கட்டமாகப் புது ஊர் எழுந்தது. ஜார்ஜ் பங்கினரில் பெரும்பாலோர் முன்னோரின் குன்றை விட்டு நகர மறுத்து, இடிந்த அஸ்திபாரங்களின்மேலேயே, அதே கோணல் சந்துகளில், வீடுகளை எழுப்பினர்.

எவர் செய்தது சரி? அகன்ற வீதியைத் தேடிப் போனவர்களிடம் விவேகம் இருந்தது. ஆனால் நகரங்களில் குடியேறி வாழும் நம் வாசகர்கள், போக மாட்டோம் என்று நின்றவர்களையும் எளிதில் குறை கூற மாட்டார்கள். தகப்பனும் தாயும் பிள்ளையும் இடிபாடுகளுக்குள் கிடக்கிற மண்ணை விட்டு எழுந்து போவது யாருக்கும் லேசான காரியமல்ல.

பிரிந்த இரு சாராரும் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவெங்கும் வழங்கிய பாணிக்குப் பரோக் என்று பெயர். நேர்க்கோட்டுக்குப் பதில் வளைவு, தட்டையான சுவருக்குப் பதில் அலைபோல் முன்வந்து பின்வாங்கும் முகப்பு, கொத்துக் கொத்தான தூண்கள், நிறைந்த சிற்ப வேலை ஆகியவை அதன் அடையாளங்கள். இப்ளாவில் ஜார்ஜ் ஆலயத்தைப் பழைய இடத்திலிருந்து ஊரின் நடுவுக்குக் கொண்டுவந்து, ரொசாரியோ காலியார்தி என்ற சிற்பியிடம் ஒப்படைத்தனர். 1730களின் இறுதியில் தொடங்கிய வேலை 1775 இல் முடிந்தது. உயர்ந்த படிக்கட்டின் உச்சியில், சதுக்கத்துக்கு நேராக நில்லாமல் சற்றே திரும்பி நிற்கும் அந்த முகப்பு, மூன்று அடுக்காக உயர்ந்து மணிக்கூண்டில் முடிகிறது. பின்னால் தெரியும் குவிமாடம் 1820 இல் சேர்ந்தது. மேல் ராகுசாவிலும் யோவான் ஆலயம் அந்த நூற்றாண்டில் பெரிதாக எழுந்து, உயரமான மணிக்கூண்டோடு நின்றது.

செல்வந்தர் மாளிகைகளின் மாடங்களைத் தாங்கும் கற்களில் கோரமான முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கொசெந்தீனி மாளிகையிலுள்ள முகங்களோடு பாம்பும் தேளும் காணப்படுகின்றன. புறங்கூறும் நாவைக் குறிக்கவே அவை செதுக்கப்பட்டன என்று விளக்குவோர் உண்டு. அந்த ஊரின் கதையை அறிந்தவர்களுக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே படும்.

கிழக்கேயுள்ள நோத்தோ என்னும் ஊரில் நடந்தது வேறு. அங்கே ஊர் முழுவதையும் பழைய மலையிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தள்ளிப் புது இடத்துக்கு மாற்றினர். பழைய மலைக்கே திரும்ப வேண்டும் என்று அநேகர் வாதாடினர். அவ்வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, கடைசியில் புது இடமே நிலைத்தது. பொன்னிறக் கல்லால் எழுந்த நோத்தோவின் அழகைப் புகழாத பயணி இல்லை. ஆனால் 1996 மார்ச் 13 இரவில், அதன் பேராலயத்தின் குவிமாடமும் கூரையின் பெரும்பகுதியும் இடிந்து விழுந்தன. உள்ளே ஒருவரும் இல்லாததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆராய்ந்தபோது, தூண்களின் வெளிப்புறம் மட்டுமே செதுக்கிய கல்லென்றும், உள்ளே உடைகல்லும் கூழாங்கல்லும் கொட்டி நிரப்பியிருந்ததென்றும் தெரிந்தது. 1950களில் கூரையில் ஏற்றிய கான்கிரீட்டின் பாரமும், 1990 டிசம்பரில் வந்த பூமியதிர்ச்சியும் அவற்றை மேலும் பலவீனப்படுத்தியிருந்தன. இந்தத் தடவை தூண்களை உள்ளும் புறமும் செதுக்கிய கல்லாலேயே கட்டினர். 2007 ஜூனில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

ராகுசாவின் பிரிவினை எளிதில் தீரவில்லை. 1865 இல் மேலூரும் கீழூரும் சட்டப்படியே தனித்தனி நகராட்சிகளாயின. 1926 இல், ராகுசா மாகாணத் தலைநகரமாகும் நிலை வந்தபோதுதான், இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினர். அலுவலகங்களும் கடைகளும் மேலூரில் பெருகின. 1950 இல் மறைமாவட்டம் ஏற்பட்டபோது யோவான் ஆலயமே பேராலயமாயிற்று. இப்ளாவின் மாளிகைகள் பூட்டிக் கிடந்தன. போக மாட்டோம் என்று நின்றவர்களின் சந்ததியாரும் ஒவ்வொருவராகப் படியேறிப் போய்விட்டார்கள். சிசிலி அரசு 1981 இல் தனிச் சட்டம் இயற்றி, பழைய ஊரைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கிய பின்னரே கதவுகள் மீண்டும் திறந்தன. 2002 இல் ராகுசாவும் நோத்தோவும் உட்பட எட்டு ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்ளாவின் கிழக்குக் கோடியில், பூங்காவுக்கு அருகே, பழைய ஜார்ஜ் ஆலயத்தின் கல் வாசல் மட்டும் விழாமல் நிற்கிறது. அதன் பின்னால் இருந்த ஆலயம் இப்போது இல்லை. மே மாத இறுதியில் கீழூரார் ஜார்ஜின் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். ஆகஸ்டு 29 இல் மேலூரார் யோவானின் திருநாளைக் கொண்டாடுகிறார்கள்.