பௌதிகவியல் படிக்கும் பிள்ளை எந்தத் தெரிவுப் பாடத்தை எடுப்பது?

பிள்ளை உயர்தரம் சித்தியடைந்து பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விஞ்ஞானம் படிக்கப் போய்விட்டால், "இனி எல்லாம் அங்கே பாத்துக்குவாங்க" என்று நாம் இருந்துவிடுகிறோம். கட்டாயப் பாடங்களோடு சில பாடங்களைப் பிள்ளையேதான் தெரிவு செய்யவேண்டும். கூட்டாளி எடுக்கிறான், பரீட்சை லேசு என்று எடுத்தால் வேலை தேடும்போது கஷ்டம்.

நாங்கள் முதலில் சொல்வது புள்ளிவிபரவியல். ஆய்வுகூடத்தில் ஒரே அளவைப் பத்துத் தரம் எடுத்தால் பத்தும் ஒன்றுபோல வராது. அதை எவ்வளவு நம்பலாம் என்று கணிக்க இந்தப் பாடம் வேணும். வங்கி, காப்புறுதி வேலைக்கும் உதவும். அடுத்தது கணினி நிரலாக்கம். கையால் தீர்க்க முடியாத சமன்பாடுகளுக்கு வேறு வழியில்லை. இலத்திரனியலும் நல்லது. நம்ம தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தியின் சூட்டை அளக்கிற கருவிகூட அந்தப் படிப்புத்தான். வானியலில் ஆசையா? எடுக்கட்டும், ஒன்று போதும்.

மூன்று வருடத்தோடு நிற்காமல் நான்கு வருட சிறப்புப் பட்டம் செய்ய நினைக்கிற பிள்ளை, முதல் வருடமே விரிவுரையாளரிடம் கேட்கவேண்டும். சில பாடங்களை முன்னரே படித்திருந்தால்தான் மேல் வகுப்புப் பாடத்துக்கு விடுவாங்க. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்துப் போன பிள்ளைக்கு முதல் வருடம் அதுவே பெரிய சுமை, ஆகவே அப்போது மேலதிகப் பாடம் எடுக்கச் சொல்லாதீங்க.