அலைக்கு உரிமம், மாடிக்கு அனுமதி

ஹாம் வானொலி எனப் பரவலாக அறியப்படும் அமெச்சூர் வானொலி என்பது, வணிக நோக்கமின்றித் தொழில்நுட்பப் பயிற்சிக்காகவும் பிற நிலையங்களுடன் உரையாடவும், தனிநபர் தம் வீட்டிலிருந்தே வானலைகளை அனுப்பிப் பெற அரசு உரிமம் வழங்கும் சேவையாகும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் குழுவினர் வெளியுலகுக்குச் செய்தி கடத்தினர் என்பது இச்சேவையின் பொதுப்பயனை உணர்த்தும். ஆயினும் அவிநாசியின் அடுக்ககத்திலோ, சுற்றுச்சுவர் கொண்ட மனைப்பிரிவிலோ குடியிருப்பவருக்கு, தேர்வில் வெற்றி பெறுவதைவிட ஆன்டெனாவை நிறுத்த இடம் பெறுவதே கடினமாக அமையக்கூடும்.

உரிமம் தருவதும் தராததும்

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை ஒதுக்கீட்டுப் பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம், தேறியவருக்கு வி.யு.2 அல்லது வி.யு.3 எனத் தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது அந்நிலையத்துக்கே உரிய அடையாளப் பெயர், வழங்கப்படும். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்துள்ளதால், அவற்றைப் பயன்படுத்தும் உரிமை அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. எனவே உரிமமின்றி அலைபரப்புவது குற்றமாகும். ஆனால் இவ்வுரிமம் அலைவரிசைக்கு மட்டுமே உரியது. பிறருக்கும் பங்குள்ள மொட்டைமாடியில் கம்பம் நடும் உரிமையை அது அளிப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டைமாடியைப் பொதுப்பகுதிகளுள் ஒன்றாக வரையறுப்பதால், மேல்தளத்தில் வீடு வாங்கியவர் என்பதாலேயே ஒருவர் அதைத் தமதென்று கொள்ள முடியாது. தனிமனையின் நிலை வேறு: முழுமையாக விற்கப்பட்ட சொத்தை எவ்வாறு அனுபவிக்க வேண்டும் என்று விற்பவர் விதிக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறினாலும், விற்பவரின் மற்றொரு சொத்தின் நலனுக்காக விதிக்கப்படும் நிபந்தனைக்கு அதே பிரிவு விலக்களிக்கிறது. ஆகவே கிரையப் பத்திரத்தையும் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளையும் கம்பம் வாங்கும் முன்பே படித்தாக வேண்டும். அமெரிக்காவில் 1985இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, ஹாம் ஆன்டெனாக்களுக்கு நியாயமான இடமளிக்க உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்தியபோதும், குடியிருப்போருக்கிடையிலான தனியார் ஒப்பந்தங்களைத் தொடவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இடத்துக்கேற்ற தேர்வு

நடுவில் கேபிள் இணைக்கப்பட்டு இருபுறமும் சம நீளத்தில் நீளும் கம்பியே டைபோல் எனப்படும் எளிய ஆன்டெனா. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ அலைநீளத்தில் பாதி. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி தேவைப்பட, 30 அடிக்கு 40 அடி கொண்ட, அதாவது இரண்டே முக்கால் சென்ட் மனையின் மூலைவிட்டமோ 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். நடுப்பகுதியை மூலைக்கு மூலை கட்டி, எஞ்சியதை இரு முனைகளிலும் இரண்டரை மீட்டர் வீதம் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் அச்சிறு மனையிலும் அது அடங்கும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டரே போதும். உள்ளூர் உரையாடலுக்குப் பயன்படும் 145 மெகாஹெர்ட்ஸுக்கோ அரை மீட்டர் நிமிர்கம்பியும் அதன் அடியில் சில கிடைக்கம்பிகளும் போதும் என்பதால், அது பழைய தொலைக்காட்சி ஆன்டெனாவைக் காட்டிலும் கண்ணை உறுத்தாது.

ஆபத்துகள்

கம்பம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் எட்டுமோ, அதைவிடக் கூடுதலான தொலைவில் மின்கம்பிகள் இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. நிறுத்தும்போது கைநழுவும் இரும்புக் குழாய் உயரழுத்தக் கம்பியைத் தொட்டால் உயிரே போய்விடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றைத் தாங்கக் கம்பத்துக்கு இழுவைக் கம்பிகள் வேண்டும். கோடையிடியும் ஐப்பசி மழையும் வரும் காலத்தில், முறையான எர்த் இருப்பினும், மேகம் திரளும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. தேரோடும் வீதியானாலும் சாதாரணத் தெருவானாலும் அதன் குறுக்கே கம்பி இழுக்கலாகாது.

அண்டை வீட்டார் அஞ்சும் கதிர்வீச்சைப் பொறுத்தவரை, வானலைகள் எக்ஸ் கதிரைப்போல அணுக்களை அயனியாக்கும் வகையின அல்ல. எனினும் அலைபரப்பும் வேளையில் ஆன்டெனாவைத் தொட்டால் தோல் சுடும் என்பதால், குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அதை அமைப்பது கடமையாகும்.

தீர்வுகள்

ஆன்டெனாவின் உயரம், கட்டும் இடம், எர்த் ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தையும் உரிம நகலையும் இணைத்துச் சங்கத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, முடிவைத் தீர்மானமாகப் பெறுவதே முறை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, சங்கம் பதிவான சட்டத்துக்குரிய அதிகாரியையும், இறுதியாக உரிமையியல் நீதிமன்றத்தையும் நாடலாம். வாடகைதாரரோ முதலில் வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெற வேண்டும். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் இடையூறு தெரிவதாகப் புகார் வந்தால், அலைபரப்பிய நேரங்களைக் குறித்த பதிவேட்டைப் புகாரின் நேரத்தோடு ஒப்பிட்டுக் காரணத்தை அறியலாம்.

சுவரில் துளையிடாமல் நைலான் கயிற்றில் கட்டி, வேண்டும்போது அவிழ்த்து இறக்கக்கூடிய மெல்லிய கம்பியையே முதல் விண்ணப்பத்தில் கேட்பது அறிவுடைமை. பொதுச்சொத்தில் நிலையான மாற்றம் எதையும் செய்யாத அமைப்பை மறுக்கச் சங்கத்துக்குக் கிடைக்கும் காரணங்கள் மிகச் சிலவே.