ஓடும் ரயிலும் சிபுல்ஸ்கியும்

குழந்தைகளே, போலந்து நாட்டில் ஸ்பிக்னியெவ் சிபுல்ஸ்கி என்று ஒரு நடிகர் இருந்தார். 1927இல் பிறந்தவர். கிராக்கோவ் நகரில் நாடகக் கலை படித்தார். பிறகு கடற்கரை நகரமான க்தான்ஸ்க்குக்குப் போய், நண்பர் போகுமிவ் கோபியேலாவுடன் சேர்ந்து 'பிம்-பொம்' என்ற மாணவர் நாடகக் குழுவைத் தொடங்கினார்.

அவரை உலகறியச் செய்த படம் 'சாம்பலும் வைரமும்'. 1958இல் ஆந்த்ரேய் வாய்தா இயக்கியது. கதை நடப்பது 1945இல், இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில். ஆனால் சிபுல்ஸ்கி அந்தக் காலத்து உடையைப் போட்டுக்கொள்ளவில்லை. தான் அன்றாடம் அணியும் உடையிலும் கறுப்புக் கண்ணாடியிலும் நடித்தார். படம் பார்த்த இளைஞர்கள், 'இவர் நம்மில் ஒருவர்' என்று அவரைக் கொண்டாடினார்கள்.

ரயிலுக்கும் அவருக்கும் ஏனோ பெரிய நெருக்கம். அவர் நடித்து 1959இல் வந்த 'ரயில்' படத்தின் கதை பெரும்பாலும் ஓர் இரவு ரயிலில் நடக்கிறது. 1965இல் வந்த 'சால்ட்டோ' படம், அவர் ஓடும் ரயிலிலிருந்து குதிப்பதில்தான் தொடங்குகிறது. நிஜ வாழ்க்கையிலும் கடைசி நொடியில் ஓடிப்போய் ரயிலில் தாவி ஏறும் பழக்கம் அவருக்கு இருந்தது.

1967 ஜனவரி 8. வ்ரோத்ஸ்வாஃப் ரயில் நிலையத்திலிருந்து வார்சா போகும் ரயில் புறப்பட்டுவிட்டது. சிபுல்ஸ்கி ஓடிவந்து தாவினார். பிடி தவறியது. ரயிலுக்கு அடியில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 39.

துடிப்பான மனிதர், பழகிய செயல். பிறகு ஏன் இப்படி ஆனது? இயற்பியலிடம் கேட்போம்.

உடம்பு உடனே கேட்காது

நின்றுகொண்டிருக்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்தால்தான் இது மாறும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். 1687இல் நியூட்டன் தம் முதல் விதியாக எழுதியது இதைத்தான். பஸ் சட்டென்று கிளம்பும்போது நீங்கள் பின்பக்கம் சாய்வதும் இதனால்தான். கால் பஸ்ஸோடு போய்விடுகிறது, மேல் உடம்பு பழைய இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது.

இனி பிளாட்பாரத்துக்கு வருவோம். ஒரு ரயில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க மெதுவாகத்தான் தெரியும். ஆனால் அது நொடிக்கு 5 மீட்டர் நகர்கிறது. பக்கத்தில் ஓடும் ஒருவர் நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறார். இரண்டு வேகத்துக்கும் இடையில் நொடிக்கு 2 மீட்டர் வித்தியாசம்.

அவர் கதவுக் கம்பியைப் பிடிக்கிறார். அந்தக் கணமே கைக்கு ரயிலின் வேகம் வந்துவிடும். உடம்புக்கும் காலுக்கும் இன்னும் பழைய வேகம்தான். கை முன்னே இழுக்க, உடம்பு பின்தங்க, ஆள் அப்படியே சுழன்று பெட்டியின் பக்கவாட்டில் மோதுவார். படிக்கட்டில் வைக்க வேண்டிய கால், பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இறங்கிவிடும்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. புறப்பட்ட ரயில் ஒவ்வொரு நொடியும் வேகம் கூட்டிக்கொண்டே போகும். வேகம் இரண்டு மடங்கானால், ஓடுவதால் அதற்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அடுத்து, கண் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு தசைக்குக் கட்டளை அனுப்ப ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் ரயில் ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். நீங்கள் குறிவைத்த கம்பி அங்கே இருக்காது.

டிரைவர் உடனே நிறுத்தக் கூடாதா? முடியாது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலுக்கு நிலைமமும் அத்தனை பெரிது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளுவதால் உராய்வும் குறைவு. பிரேக் போட்ட பிறகும் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும்.

செய்து பாருங்கள்

மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அதன்மேல் ஒரு ரப்பரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நோட்டை மெல்ல இழுத்தால் ரப்பர் நின்றபடியே கூட வரும். வெடுக்கென்று இழுங்கள், விழுந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் நிலைமம் தன் வேலையைச் செய்யும்.

பலமுறை தப்பித்தவருக்கு, அடுத்த முறையும் தப்பிப்போம் என்றே தோன்றும். ஆனால் ரயிலின் வேகம், பிடியின் இறுக்கம், செருப்பின் வழுக்கல் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். நேற்று பிழைத்ததை வைத்து இன்றைக்குக் கணக்குப் போட முடியாது.

போலந்து சிபுல்ஸ்கியை மறக்கவில்லை. அவர் நினைவில் வாய்தா 'எல்லாம் விற்பனைக்கு' என்ற படத்தை எடுத்தார். 1969இல் அவர் பெயரில் ஒரு விருது தொடங்கப்பட்டது. திறமையுள்ள இளம் நடிகர்களுக்கு அது வழங்கப்படுகிறது. வ்ரோத்ஸ்வாஃப் நிலையத்தின் பிளாட்பாரத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகையும் இருக்கிறது. இருந்தாலும், அவர் இன்னும் முப்பது வருடம் நடித்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை.

ஆகவே குழந்தைகளே, ரயில் நகரத் தொடங்கிவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். பக்கத்தில் யாராவது ஓடப் பார்த்தால், அது அப்பாவாகவே இருந்தாலும், கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஏன் என்று கேட்டால் நிலைமத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ரயிலுக்கான அறிவிப்பு வந்துவிடும்!