வெள்ளத்தை முழம்போட்ட நாடு

எகிப்தின் தென்பகுதியிலுள்ள அஸ்வானில் ஆண்டுக்கணக்கில் மழையே பெய்யாமல் போவதுண்டு. அந்த நாட்டை வாழவைத்தது வேறொரு நாட்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எத்தியோப்பிய மலைகளில் கொட்டும் பருவமழை, நீல நைல், அத்பாரா ஆறுகளின் வழியே வண்டலோடு இறங்கி வந்தது. விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வரும் வெள்ளை நைல், கோடையிலும் ஆறு வற்றாமல் காத்தது.

உழவர்கள் கரைகட்டி நிலத்தைப் பெரும்பெரும் பாத்திகளாகப் பிரித்தார்கள். பெருகி வந்த நீர் அவற்றில் வாரக்கணக்கில் நின்று வடிந்தது. வண்டல் தங்கியது, மண்ணிலிருந்த உப்பு கழுவப்பட்டுப் போனது. தென் மெசொப்பொத்தேமியாவின் வயல்கள் உவர் ஏறிச் சீரழிந்தபோதும் எகிப்து கோதுமையும் பார்லியும் ஆளியும் விளைவித்துக்கொண்டே இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆண்டையே வெள்ளம், விதைப்பு, அறுவடை என நான்கு நான்கு மாதங்களாக வகுத்து, கடைசியில் 5 நாள் சேர்த்து, 365 நாள் நாட்காட்டி அமைத்தார்கள்.

வெள்ளத்தை அளந்ததுதான் இவற்றுள் தலையாயது. அஸ்வான் அருகே எலிபன்டைன் தீவில் ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டின் சுவரில் முழக் குறிகள் இருக்கின்றன. வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதைக் கொண்டு விளைச்சலைக் கணித்து வரி விதிக்க முடிந்தது. பலெர்மோ கல்வெட்டில் முதல் அரச மரபு தொடங்கி ஆண்டுதோறும் வெள்ள உயரம் பதிவாகியுள்ளது. அதாவது ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைய கணக்கு. பிற்காலத்து ரோமானிய அறிஞர் பிளினி 12 முழம் என்றால் பஞ்சம், 16 முழம் என்றால் செழிப்பு என்று குறித்திருக்கிறார். அளவு மிஞ்சினாலும் கேடுதான். கரைகள் உடையும், ஊர்கள் மூழ்கும்.

ஆறு வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் தெற்கே வீசுகிறது. அதனால் நீரோட்டத்தோடு போய், பாய் விரித்துத் திரும்பலாம். கூஃபு மன்னரின் பிரமிடுக்கு துராவிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற படகுக் குழுவின் நாட்குறிப்பு, 2013இல் செங்கடற்கரையின் வாடி அல்-ஜர்ஃபில் பாப்பிரஸ் சுருள்களாகக் கிடைத்தது.

கி.மு. 2200ஐ ஒட்டி வெள்ளம் பலமுறை குறைந்தது. பிரமிடுகளைக் கட்டிய 'பழைய அரசு' சிதறியதற்கு அது மட்டுமே காரணமன்று. மாகாண ஆளுநர்களின் செல்வாக்கும் அரசைப் பலவீனப்படுத்தியிருந்தது. ஆனாலும் பசித்த நாட்டை ஒரே குடைக்கீழ் வைத்திருப்பது எந்த அரசனுக்கும் கடினம்.

1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டு வெள்ளம் அதோடு நின்றது. வண்டல் இப்போது அணைக்குப் பின்னுள்ள நாசர் ஏரியின் அடியில் படிகிறது. கீழே உள்ள வயல்களுக்கு ரசாயன உரம் போடுகிறார்கள்.