வீட்டுக்கேற்ற மின் கணக்கு

ராசிபுரத்துப் பழைய வீடுகளில் மின்சார மீட்டர் எங்கே இருக்கிறதென்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் திண்ணைக்கு மேலே, கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்றபடியே பார்த்துக்கொள்ளும் விதத்தில் இருக்கும். வீட்டில் வசிப்பவர் பார்ப்பதற்கென்று அது வைக்கப்பட்டதன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவர் வந்து எண்ணைக் குறித்துச் சென்ற பிறகே நம் செலவு நமக்குத் தெரிகிறது. மாணவன் பிழையாகப் போட்ட கணக்கை அறுபது நாள் கழித்துத் திருத்திக் கொடுத்தால் அவன் என்ன கற்பான்?

செலவை உடனுக்குடன் காட்டினால் பயனுண்டு என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டார்பி என்னும் அம்மையார், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். மீட்டரிலிருந்தோ, அதனுடன் இணைந்த காட்சிக் கருவியிலிருந்தோ நேரே அறிந்துகொண்டவர்கள் 5 முதல் 15 சதவீதம் வரை சேமித்தார்களாம். பில்லின் மூலமாக மட்டும் அறிந்தவர்களுக்குச் சேமிப்பு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. சில இடங்களில் ஒன்றுமே இல்லை.

விலையுயர்ந்த கருவி இல்லாமலும் இதைச் செய்து பார்க்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மின்னும் என்று அதன்மேல் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 16 முறை மின்னினால் ஒரு மணிக்கு 960 முறை. அதை 3200ஆல் வகுத்தால் 0.3 யூனிட். அதாவது அந்நேரத்தில் வீடு இழுப்பது 300 வாட். ஒரு விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பாடப் புத்தகம் சொல்லாததை அந்த விளக்கு சொல்லும்.

ஆனால் ஒரே விதமான கருவி எல்லா வீட்டுக்கும் பொருந்துமா? கலிபோர்னியாவில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில் ஒரு சோதனை நடந்தது. 2007இல் அதன் முடிவு வெளிவந்தது. அண்டை வீட்டாரின் சராசரிச் செலவு இவ்வளவு என்று வீடுதோறும் எழுதி அறிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ, நாம்தான் குறைவு போலும் என்று செலவைக் கூட்டிவிட்டார்கள்! ஒரு சிரித்த முகத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பியபோதுதான் இந்த வினோதம் நின்றது.

நம் ஊரில் சங்கதி இன்னும் சிக்கலானது. 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கோ 1,958 ரூபாய். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்த விலை, 500ஐக் கடந்ததும் 4.50ஆக மாறியதே காரணம். இத்தகைய படியின் விளிம்பில் நிற்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு வேண்டியது, "இன்னும் பத்து நாளிருக்க 460 ஆகிவிட்டது" என்னும் எச்சரிக்கை. வரிசை வீட்டில் குடியிருந்து, உள்மீட்டர்ப்படி யூனிட்டுக்கு ஒரே விலையாக வீட்டுக்காரருக்குக் கொடுப்பவருக்கு அந்தப் படியால் ஆவதொன்றுமில்லை. அவருக்குத் தம் பங்கு எவ்வளவென்று காட்டினால் போதும். வெண்ணந்தூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரரிடம், மின்சாரம் ஏறியதும் சிவப்பு விளக்கு எரியும் கருவியைக் கொடுத்தால் சிரிப்பார். தறி ஓடினால்தானே அடுப்பு எரியும்? ஒரு மீட்டர் துணிக்கு எவ்வளவு யூனிட் ஆயிற்று என்பதே அவருக்குரிய கேள்வி.

எனக்கு மிகவும் கவலை தருபவர் இம்மூவரும் அல்லர். எங்கள் தெருவில் சொந்த வீட்டில் தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவர், பில்லுக்குப் பயந்து சித்திரை வெயிலிலும் விசிறி போடாமல் படுத்திருந்தார். குறைத்தவரைப் பாராட்டும் கருவி அவருக்கும் சிரித்த முகத்தைத்தான் காட்டியிருக்கும். நான் ஒரு காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினேன். 75 வாட் விசிறி, இரவு பத்து மணி நேரம், அறுபது நாள்: 45 யூனிட். இரண்டு விளக்குகளுக்கு ஐந்தாறு யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு நூறு யூனிட் வரை கட்டணமில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. பழைய வெள்ளை அட்டையை எடுத்து வந்து வரிவரியாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். அன்றிரவு அவர் வீட்டுச் சன்னல் வழியே விசிறிச் சத்தம் கேட்டது.