கிட்டார் நாதமும் வால்வு ஆம்ப்ளிஃபயரும்

சித்தூர், திருப்பதிப் பகுதியில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் எலெக்ட்ரிக் கிட்டார் பழகி வருகிறார்கள். அவர்களுக்கு ஓர் ஏக்கம் உண்டு. 1960, 70களில் வெளிவந்த ராக் இசைத்தட்டுகளில் கேட்கும் கனமான, நீண்டு ஒலிக்கும், சற்றே கரகரத்த நாதம் தங்கள் கருவியில் வரவில்லையே என்பதுதான் அது. அதற்காகச் சிலர் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயருக்கு லட்சக்கணக்கில் செலவிடத் துணிகிறார்கள். வேறு சிலர் பரணில் கிடக்கும் தாத்தா காலத்து வால்வு ரேடியோவை இறக்கி அதில் கிட்டாரைச் செருகப் பார்க்கிறார்கள். முன்னது பணத்துக்குக் கேடு. பின்னது உயிருக்கே கேடு. அந்த நாதம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் அவசியமிராது.

ரேடியோ ரிப்பேர் கடையில் பிறந்தது

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர் லியோ ஃபெண்டர். படித்தது கணக்குப் பதிவியல். ரேடியோ வேலை தாமே கற்றது. அவருடைய நிறுவனம் 1950களின் இறுதியில் செய்த ‘பாஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயர் புகழ் பெற்றது. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் அதே சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர்களை வைத்து 1962-ல் ஜே.டி.எம்.45 என்ற ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். முதல் கட்டத்தில் கூடுதலாகப் பெருக்கும் ஈ.சி.சி.83 வால்வைப் போட்டார்கள். இன்று உலகமே தேடும் ‘மார்ஷல் நாதத்தின்’ தொடக்கம் இதுவே.

இங்கிலாந்தின் இன்னொரு புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயர் ‘வாக்ஸ் ஏ.சி.30’. பீட்டில்ஸ் குழுவினர் பயன்படுத்தியது. அதன் கடைசிக் கட்டத்தில் இருப்பவை நான்கு ஈ.எல்.84 வால்வுகள். இது நமக்கு அந்நியமான பொருளன்று. நம் நாட்டு வீட்டு ரேடியோக்களிலும் இருந்த வால்வுதான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது. ஆக, வால்வில் மந்திரம் ஏதுமில்லை. அதை எப்படி வேலை வாங்கினார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

குற்றமே குணமானது

ஆம்ப்ளிஃபயரின் கடமை, உள்ளே வரும் ஒலியலையை உருவம் மாறாமல் பெரிதாக்கித் தருவது. ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் தள்ளினால் அலையின் உச்சி நசுங்கித் தலை மொட்டையாகிவிடும். (மொட்டை என்றால் திருப்பதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!) பொறியாளர்கள் இதைக் குற்றம் என்றார்கள். இசைக் கலைஞர்களோ வால்யூமை முழுக்கத் திருகி, அந்தக் குற்றத்தையே குணமாக்கிக்கொண்டார்கள். ஜான் மேயால் குழுவின் 1966-ஆம் ஆண்டு இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை அப்படி முழக்கியது இதற்குப் பேர்போன உதாரணம்.

அலை மொட்டையானால் என்ன ஆகிறது? மூல ஸ்வரத்தோடு புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன. ஷட்ஜம் வாசித்தால் இரண்டாம் மடங்கு மேல் ஷட்ஜமாகவும், மூன்றாம் மடங்கு அதற்கு மேல் பஞ்சமமாகவும், ஐந்தாம் மடங்கு இன்னும் மேலே அந்தர காந்தாரமாகவும் ஒலிக்கும். ரேணிகுண்டா போன்ற ஜங்ஷன்களில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததும் இந்த மேற்சுரங்களை நம்பித்தான். நல்ல சக்கரம் கணீரென்னும். வெடிப்பு விட்டது மந்தமாகும்.

டிரான்சிஸ்டர் பொதுவாக அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு மெல்ல மெல்லச் சீவும். ஆகவே வால்வின் கரகரப்பு காதைக் குத்துவதில்லை.

இந்த உத்தி நம் சங்கீதத்துக்குப் புதிதன்று. தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் வைக்கும் ‘ஜீவா’ என்ற நூலை நினைத்துப் பாருங்கள். தந்தி குதிரையை உரசி உரசி அதிரும்படி செய்வதே அதன் வேலை. நூலை எடுத்துவிட்டால் தம்பூரா ஜீவனற்றுப் போகும். சர் சி.வி. ராமன் 1921-ல் வீணை, தம்பூரா பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், சாதாரணத் தந்தியில் எழக்கூடாத மேற்சுரங்களும் இவற்றில் வலுவாக எழுவதையும், அதற்குக் குதிரையின் அமைப்பே காரணம் என்பதையும் விளக்கினார்.

ராக் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் ஷட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் சேர்த்து மீட்டுவதற்கும் காரணம் உண்டு. கரகரக்கும் ஆம்ப்ளிஃபயர் இரண்டு ஸ்வரங்களின் வித்தியாசத்தையும் ஒரு ஸ்வரமாக எழுப்பும். ஷட்ஜம் 200 அதிர்வு, பஞ்சமம் 300 அதிர்வு என்றால் வித்தியாசம் 100. அது கீழ் ஷட்ஜம். ஆகவே யாரும் வாசிக்காத மந்திர ஷட்ஜம் தானாகக் கேட்கிறது. பொருந்தாத ஸ்வரங்களைச் சேர்த்தால் இதே வேலை இரைச்சலாக முடியும்.

மூன்றாவது பயன் கார்வை. உச்சி நசுங்குவதால் மீட்டிய வேகம் குறைந்த பிறகும் ஒலி சட்டென்று தேயாது. கமகத்துக்கு இது பெரிய வரம். சித்தூருக்கு அருகிலுள்ள ராணிப்பேட்டைக்காரரான கிட்டார் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற இசைத்தட்டு வெளியிட்டார். கர்நாடக கமகமும் ராக் நாதமும் அதில் கைகோக்கின்றன. ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014), கரகரப்பே இல்லாத தெளிந்த எலெக்ட்ரிக் நாதத்தில் அதே கமகத்தைக் கொண்டுவந்தார். வழி இரண்டு, இரண்டிலும் முதலில் பேசுவது விரல்தான்.

மற்ற இரு காரணங்கள்

பக்கத்து நிலத்தில் பம்ப் செட் போட்டதும் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கித் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். ரெக்டிஃபயர் வால்வு உள்ள ஆம்ப்ளிஃபயரில் ஓங்கி மீட்டும்போது உள் வோல்டேஜ் அப்படியே சரிந்து மீளும். ஒலி சற்று அமுங்கிப் பிறகு மலர்வது இதனால்.

அடுத்தது ஸ்பீக்கர். கிட்டாருக்குரிய 12 அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர், ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவற்றை நன்றாகக் குறைத்துவிடும். கீச்சொலி அங்கே வடிகட்டப்படுகிறது. அதே சிக்னலைத் திருவிழா மைக் செட்டின் ஹாரன் வழியே கேட்டால் காதை மூடிக்கொள்ள நேரும்.

பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

1. வீட்டுக்கு 50 வாட் வேண்டாம். 5 வாட் என்றால் ஒலி பத்தில் ஒரு பங்காகிவிடாது. காதுக்கு ஏறக்குறைய பாதியாகவே தெரியும். சிறிய ஆம்ப்ளிஃபயர் குறைந்த சத்தத்திலேயே எல்லையைத் தொட்டு, விரும்பிய நாதத்தைத் தரும்.

2. கையில் உள்ள பணத்தை முதலில் நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள்.

3. வால்வின் போக்கைக் கணக்கிட்டுப் போலச் செய்யும் டிஜிட்டல் கருவிகள் 1998-ல் வந்த ‘பாட்’ முதல் வெகுவாக முன்னேறியுள்ளன. பழகுபவருக்கு அவை தாராளமாகப் போதும்.

4. பழைய வால்வு ரேடியோவில் கிட்டாரைச் செருகவே கூடாது. அவற்றில் பல ‘ஏ.சி.–டி.சி.’ வகை. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சேஸிஸ் நேரே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். கிட்டாரின் தந்திகளோ வயர் வழியே சேஸிஸோடு சேர்பவை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட் விரலில் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டிலும் ஸ்விட்சை அணைத்த பின் கண்டென்சரில் 250, 300 வோல்ட் தங்கியிருக்கும். பழகிய மெக்கானிக் தவிர வேறு யாரும் திறக்கலாகாது.

5. மூன்று பின் பிளக் இருந்தால் மட்டும் போதாது. எர்த் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். பேர்பெற்ற குழுவின் மேடையிலேயே இப்படி நடந்தது என்றால், நம் வீட்டு மாடியறையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கிட்டாரும் வயருமாக உட்கார்ந்தால் படிப்பு கெடுகிறதே என்று கடிந்துகொள்ள வேண்டாம். மேற்சுரம், வோல்டேஜ், எர்த் எல்லாம் அவன் படிக்கும் பௌதிகமே. முதலில் எர்த்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். பிறகு வாசிக்கச் சொல்லி நீங்களும் கேளுங்கள்.