அதே பெருமாள், வேறு வாகனம்
‘விற்கத் தெரிந்தவர்கள்’ தொடர் – 17

சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்களுக்கு இரண்டு வழிகள். திருவள்ளூர், திருத்தணி, நகரி என்று நெடுஞ்சாலையைப் பிடித்துப் போவது ஒன்று. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் என்று ஊர்களுக்குள் புகுந்து போவது இன்னொன்று. இரண்டும் வந்து சேரும் இடம் புத்தூர். அங்கிருந்து ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கு இன்னும் 35 கிலோமீட்டர் போல இருக்கும். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த புத்தூர், இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்டால் தமிழில் பதில் வரும், தமிழில் கேட்டால் தெலுங்கில் வரும்.

புரட்டாசியில் இந்தச் சாலை மஞ்சளாகிவிடுகிறது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, கோவிந்தா கோஷம், கால் கொப்புளம். சாலையோரம் அன்னதானப் பந்தல், மோர்ப் பந்தல், தண்ணீர்ப் பந்தல். பந்தலுக்குப் பக்கத்திலேயே விளம்பரமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது: ஃப்ளெக்ஸ் ஆர்ச், காகித விசிறி, பெயர் அச்சடித்த தொப்பி, சாம்பிள் பாக்கெட். சோப்பு, தைலம், டீத்தூள், பிஸ்கட் என்று எதை விற்பவராக இருந்தாலும், இவ்வளவு பெரிய கூட்டம் தானாக நடந்து வரும் இடத்தை விட மனசு வருமா?

ஒரு நிறுவனம் ஒரே வாசகத்தோடு, ஒரே நிறத்தோடு பத்து, பதினைந்து வருடங்களாக இப்படித் திருவிழாக்களில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினாறாவது வருடம் விளம்பரப் பிரிவில் ஒருவர் கேட்பார்: “எத்தனை நாளைக்கு சார் இதையே ஓட்டுவது? புதுசா ஏதாவது பண்ணலாமே?” இந்த வாரம் அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் அலுப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். வாசகத்தை அலுவலகக் கூட்டங்களில் நூறு முறை திரையில் பார்த்த மேலாளருக்குத்தான் முதலில் அலுக்கிறது. பந்தல் போடும் ஒப்பந்தக்காரருக்கு அடுத்து. நடந்து போகிறவர் அதை வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் கால் வலிக்கு நடுவே அரை நிமிடம் பார்க்கிறார். அவருக்கு அது இன்னும் பழகவே ஆரம்பிக்கவில்லை. நம் ஊர் விளம்பரங்களில் பாதி, மக்களுக்குப் பழகி வரும் நேரத்தில் கைவிடப்பட்டவை என்பது என் கட்சி.

அதற்காக எதையுமே மாற்றக் கூடாதா என்றால், திருமலையைப் பார்த்தால் போதும். பிரம்மோற்சவத்தில் ஊர்வலம் வரும் மலையப்ப சுவாமி ஒருவர்தான். காலையில் ஒரு வாகனம், இரவில் ஒரு வாகனம். பெரிய சேஷம், சின்ன சேஷம், ஹம்சம், சிம்மம், முத்துப்பந்தல், கற்பக விருட்சம் என்று நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வரும். ஐந்தாம் நாள் இரவு கருட சேவைக்குக் கூட்டம் தாங்காது. அடுத்த நாள் என்ன வாகனம் என்பது எல்லாருக்கும் தெரியும், வரிசை மாறுவதில்லை, ஆனாலும் மாட வீதியில் இடம் கிடைப்பதில்லை. எது மாறக் கூடாது, எது தினம் மாற வேண்டும் என்பதை அந்த விழா ஒரு முறை தீர்மானித்துவிட்டு, பிறகு அதில் கை வைக்கவில்லை. பெரும்பாலான விளம்பரக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாசகத்தையும் சின்னத்தையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். தொப்பியும் விசிறியும் மட்டும் தலைமுறை தாண்டி அப்படியே இருக்கும்.

சரியாகச் செய்த ஒன்றைச் சொல்ல நாம் கொஞ்சம் வடக்கே போக வேண்டும். லைஃப்பாய் சோப்பு இங்கிலாந்தில் 1894இல் வந்தது, அடுத்த வருடமே இந்தியாவுக்குக் கப்பலேறியது. நூறு வருடத்துக்கு மேல் அது சொல்லிவருவது பெரும்பாலும் ஒரே சேதி: கிருமி, சோப்பு. 2002இல் அதை விற்கும் ஹிந்துஸ்தான் லீவர் ‘ஸ்வாஸ்த்ய சேதனா’ என்ற பெயரில் கிராமப் பள்ளிகளுக்குள் போனது. பிள்ளைகளின் கையில் ஒரு பொடியைத் தடவி, வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லி, புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். பளிச்சென்று கழுவினதாக நினைத்த கை மினுமினுக்கும். அழுக்கு தெரியாத கையிலும் ஏதோ ஒட்டியிருக்கிறது என்பதைப் பிரசங்கம் பண்ணாமல் காட்டிவிட்டார்கள். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், ஏழைகளின் சந்தையைப் பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில் இந்த முயற்சியை விரிவாக எடுத்துப் பேசியிருக்கிறார்.

2013இல் அலகாபாத் கும்பமேளா. கோடிக்கணக்கான ஜனம். அங்கே இன்னொரு பேனர் வைத்தால் யார் கண்ணில் படும்? லைஃப்பாய்க்காக ஓகில்வி விளம்பர நிறுவனம் பேனரை விட்டுவிட்டு ரொட்டியைப் பிடித்தது. மேளாவில் நூற்றுக்கு மேற்பட்ட தாபாக்களின் அடுப்படியில் ஆட்களை நிறுத்தி, சூடான அச்சால் ரொட்டியின் மேல் ஒரு கேள்வியைச் சுட்டார்கள்: லைஃப்பாய் போட்டுக் கை கழுவினீர்களா? மை கிடையாது, வெறும் சூட்டுத் தழும்பு, அதனால் தாராளமாகச் சாப்பிடலாம். ஒவ்வொருவருக்கும் வரும் முதல் ரொட்டியில் மட்டும் இந்த எழுத்து. ஒரு மாதத்தில் 25 லட்சம் ரொட்டிகள். சாப்பாட்டுக் கடைகளின் கை கழுவும் இடத்தில் சோப்பும் வைத்திருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த முதல் ரொட்டிக் கணக்கு. எல்லா ரொட்டியிலும் அடித்திருந்தால் தொல்லை. முதல் ரொட்டியில் மட்டும் இருந்தால், கை வாய்க்குப் போகும் சரியான நொடியில் கேள்வி வருகிறது. எழுந்து போய்க் கழுவ நேரமும் இருக்கிறது. சோப்பு அங்கே இல்லாமல் போயிருந்தால் இது வெறும் கிண்டலாக முடிந்திருக்கும். சேதி நூறு வருடப் பழசு, நிறம் பழசு, பெயர் பழசு. எழுதிய இடம் மட்டும் புதுசு. அதற்கு மேடையோ, நடிகரோ, டிஜே வண்டியோ தேவைப்படவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சன். சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தே அது பரவியது. மணிக்கணக்கில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி வராமல் இருக்குமா? அதே ஆள் அடுத்த நாள் ஆபீஸில் தலைவலிக்கும்போது அந்த வாசனை நினைவுக்கு வரும். இந்த நாகேஸ்வர ராவ் வீட்டில்தான் 1937இல் ஸ்ரீபாக் ஒப்பந்தம் கையெழுத்தானது, கரையோர ஆந்திரமும் ராயலசீமையும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று பேசிய ஒப்பந்தம். புத்தூரும் அந்தக் கணக்கில் அடக்கம். தைலம் விற்ற காசு அரசியலுக்கும் பத்திரிகைக்கும் போன கதையைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

அமுல் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். 1966இல் சில்வெஸ்டர் ட குன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் உருவாக்கிய அந்தப் புள்ளிப் பாவாடைச் சிறுமிக்கு வயது ஏறவே இல்லை. சிறுமி அப்படியே இருக்கிறாள், ஊரில் நடக்கும் விஷயம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. இது எப்படி முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டாம் என்று அமுலின் வர்கீஸ் குரியன் ட குன்ஹாவுக்குக் கையை அவிழ்த்துவிட்டார். திங்கட்கிழமை நடந்த சங்கதி வியாழக்கிழமை பலகையில் ஏற வேண்டும் என்றால், நடுவில் ஏழு பேர் கையெழுத்து இருக்கக் கூடாது. புதுமை இல்லையே என்று புலம்பும் நிறுவனங்கள் முதலில் தங்கள் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆந்திரத்திலேயே சமீபத்தில் ஒன்று நடந்தது. தாஜ்மஹால் டீ என்றால் ஜாகிர் ஹுசேனின் தபலா நினைவுக்கு வரும். ஆக்ராவில் எடுத்த அந்த விளம்பரம் 1980களின் கடைசியில் வந்தது. இந்துஸ்தானி இசையும் அந்த டீயும் அன்றிலிருந்து பிரியவில்லை. 2023இல் விஜயவாடா ரயில் நிலையத்தில் ‘மேக் சந்தூர்’ என்று 2,250 சதுர அடியில் ஒரு பலகை வைத்தார்கள். மழை பெய்தால் அந்தத் தண்ணீரின் விசையில் சுத்திகள் சந்தூர் தந்திகளைத் தட்டும், மேக் மல்ஹார் ராகம் கேட்கும். கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. முப்பது வருடத்துக்கு மேல் இசை என்ற ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு, தபலாவிலிருந்து சந்தூருக்கும், தொலைக்காட்சியிலிருந்து மழைக்கும் வந்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ரொட்டிக்கு ஒரு படி கீழேதான் நான் இதை வைப்பேன். மழையில் நனைகிறவர் நின்று ராகம் கேட்க மாட்டார், கூரையைத் தேடி ஓடுவார். பலகையை நேரில் கேட்டவர்களைவிட அதைப் பற்றிய வீடியோவைப் பார்த்தவர்கள் அதிகம் இருப்பார்கள். வெளியிடத்தில் செய்கிற வேலை, அங்கே நிற்கிற மனிதருக்கு முதலில் பயன்பட வேண்டும், கேமராவுக்கு இரண்டாவதாக.

அங்கே நிற்கிற மனிதரே விழாவுக்குள் வந்துவிடுவதை, திருப்பதியில் மே மாதத்தில் நடக்கும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் பார்க்கலாம். ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடியதே, அதன் மூலம் இந்த ஜாத்திரைதான். பைராகி, பண்டா, தோட்டி, தொரை, மாதங்கி என்று ஒவ்வொரு நாளுக்கு ஒரு வேஷம். வேஷம் போடுவது கலைஞர் குழு அல்ல, பக்தர்களே. வேஷம் போட்டவருக்கு அந்த நாள் மறக்காது. ரொட்டியைப் பிட்டவரும் ஒரு வகையில் அந்த விளம்பரத்துக்குள் வந்தவர்தான். பேனரை அண்ணாந்து பார்த்தவர் வரவில்லை.

பேனர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது விழுந்து 17 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசு 2022இல் பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸுக்குத் தடை அறிவித்தது. ஆனால் திருவிழாச் சாலைகளில் ஒரு பேனருக்கு முன்னால் இன்னொரு பேனர் கட்டுகிற பழக்கம் போகவில்லை. இருபது பேனருக்கு நடுவே இருபத்தோராவது பேனருக்குச் செலவழித்த காசு, தெருவில் கொட்டிய காசு.

இதே புத்தூருக்கு ஒரு பெருமை உண்டு. விளம்பரத்துக்குப் பத்துப் பைசா செலவில்லாமல் தமிழ்நாடு முழுவதும் பலகை வைத்திருக்கும் ஊர் இது. எலும்பு முறிவுக்குப் ‘புத்தூர் கட்டு’. ஊரை ஒட்டிய ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் நூறு வருடத்துக்கு மேலாக மூங்கில் பத்தையும் பச்சிலையும் துணியும் வைத்துக் கட்டிவந்ததில் உண்டான பெயர். (கட்டு நல்லதா, எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போடுவது நல்லதா என்பதை எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள், இது வியாபாரத் தொடர்.) சென்னையின் எந்தப் பேட்டையிலும் ஒரு ‘ஒரிஜினல் புத்தூர் கட்டு’ பலகை கண்ணில் படும். பெயர் வாடவே இல்லை. ஆனால் அது இப்போது யாருடையது என்றும் சொல்ல முடியாது. காப்பாற்ற ஆள் இல்லாமல் நீண்ட நாள் நிலைக்கும் பெயருக்கு இதுதான் கதி. ஆகவே, மாற்றாமல் இருப்பது என்றால் சும்மா இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் வேலைதான், வருடா வருடம் காவல் காக்கும் வேலை.

இந்தச் சாலையில் பந்தல் போடும் நிறுவனத்துக்கு, சின்னதோ பெரியதோ, என்ன சொல்வேன்? வாசகத்தை விடாதீர்கள். நிறத்தை விடாதீர்கள். முடிந்தால் போன வருடம் நின்ற அதே இடத்தில் நில்லுங்கள்; போன வருடம் மோர் குடித்தவர் இந்த வருடம் தேடி வருவார். மாற்ற வேண்டியது அவர் கையில் கொடுப்பதை. காலையில் போகிறவருக்கு விசிறி எதற்கு? கொப்புளத்துக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும் கொடுங்கள். இரவில் நடப்பவரின் முதுகில், பின்னால் வரும் லாரிக்குத் தெரிகிற மாதிரி ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள், உங்கள் பெயர் அதில் சின்னதாக இருக்கட்டும். அடுத்த வருடம் கால் ஊன்றி உட்கார ஒரு பெஞ்சு, அதற்கடுத்த வருடம் செல்போன் சார்ஜ் போட ஒரு மேசை. செலவு ஆர்ச்சைவிடக் குறைவு.

இதெல்லாம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யோசித்தால் வராது. புரட்டாசி பிறப்பதற்கு முன், உங்கள் விளம்பரப் பிரிவில் எல்லாருக்கும் மூத்தவரை நகரியிலிருந்து புத்தூர் வரை ஒரு பகல் செருப்பில்லாமல் நடக்கச் சொல்லுங்கள். வந்து உட்கார்ந்ததும் முதலில் எதைக் கேட்கிறாரோ, இந்த வருடம் பந்தலில் அதைக் கொடுங்கள்.